பதினோரு கோடுகள்

எண்பதுகளின் கடைசியில் நான் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். குழந்தைகளுக்கு வாந்தி பேதி வந்தால் அதில் எந்த வைரஸ் இருக்கிறது, அதிலும் எந்த வகை என்று பார்ப்பது எங்கள் வேலை. யாராவது கேட்டால் "ரத்தப் பரிசோதனை மாதிரிதான்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். நாள் முழுக்கப் பிள்ளைகளின் மலத்தைக் குப்பியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று கல்யாணப் பந்தியில் சொல்ல முடியாது.

என் கணவருக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர் வேலை. குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எங்களுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். எதிர்வீட்டுக்காரர்கள் சேலம், மாடியில் தஞ்சாவூர்க்காரர்கள். அவசரத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கச் சொந்தக்காரர் யாரும் பக்கத்தில் கிடையாது. மகளுக்கு ஒரு வயது ஆனதும் மாதா கோயிலை ஒட்டிய ஹாலில் நடந்த குழந்தைகள் காப்பகத்தில் விட்டேன். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் அதை நடத்திவந்தார். கள்ளிக்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பதினாலு பிள்ளைகள். அவர்களைத் தூக்க, குளிப்பாட்ட, துணி மாற்ற ஓர் ஆயா.

ஆயா என்றால் வயதானவள் இல்லை. இருபத்திரண்டு, இருபத்து மூன்று இருக்கும். பட்டாபிராமிலிருந்து வருவாள். ஒன்பது மாதத்தில் அவளுக்கே ஒரு பையன். அவனையும் தூக்கிக்கொண்டு வந்து, ஹாலின் மூலையில் சேலைத் தூளி கட்டிப் போட்டுவிட்டு மற்ற பிள்ளைகளைப் பார்ப்பாள். என் மகள் அவள் இடுப்பை விட்டு இறங்கமாட்டாள். சாயங்காலம் நான் போய்க் கையை நீட்டினால் முகத்தை அவள் தோளில் புதைத்துக்கொள்வாள். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் முடிந்து, வாசல்களில் கட்டிய நட்சத்திரங்களை இன்னும் யாரும் இறக்கியிருக்கவில்லை. ஒரு புதன்கிழமை காலை என் மகள் குடித்த பாலை அப்படியே வாந்தி எடுத்தாள். மத்தியானம் பேதி ஆரம்பித்தது. காய்ச்சலும் லேசாக இருந்தது. புதனும் வியாழனும் லீவு போட்டு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். வியாழன் மாலை வாந்தி நின்றுவிட்டது. பேதி மட்டும் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போயாக வேண்டும். அந்த மாதத்துக்கான லீவு தீர்ந்துபோயிருந்தது. இரண்டு மாதமாகச் சேர்த்துவைத்த மல மாதிரிகளைச் சோதிக்கும் நாளும் அதுதான். கணவருக்குக் காலை ஷிஃப்ட். இந்த நோயைப் பற்றி எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை. பேதி நிற்கும்வரை, நின்ற பிறகும் சில நாள்வரை, மலத்தில் வைரஸ் வந்துகொண்டே இருக்கும் என்பதைத் தினமும் கண்ணால் பார்க்கிறவள் நான். தெரிந்துகொண்டேதான் பிள்ளையைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, காப்பகத்தில் கொண்டுபோய் விட்டேன். ஆயாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் அவளே கேட்டாள்.

"எக்கா, பாப்பாக்கு வயிறு சரியில்லியா? நாலு வாட்டி துணி மாத்திகீறேன்."

"பல்லு முளைக்குது. அதுக்கு அப்படித்தான் போகும்" என்றேன்.

"அப்டியா? நான் பயந்தே பூட்டேன். எம் பையனுக்கும் காலைலேந்து அப்டித்தான் கீது. அவனுக்கும் பல்லாத்தான் இருக்கும்" என்று சிரித்தாள்.

நான் லேபில் வேலை செய்கிறவள் என்பது அவளுக்குத் தெரியும். நான் பல் என்றால் அவளுக்கும் பல்தான்.

திங்கட்கிழமை மூன்று பிள்ளைகளுக்கு வாந்தி. செவ்வாய் இரவுக்குள் இன்னும் நான்கு பேர். மறுநாள் மேலும் இரண்டு பேர். ஒன்பது பேரில் எட்டு பேர் தேறிவிட்டார்கள். எதிர்வீட்டு சேலத்துக்காரர்களின் பையன் மட்டும் தேறவில்லை. பதினோரு மாதக் குழந்தை. அவன் அம்மா தபால் ஆபீசில் வேலை பார்த்தாள். எவ்வளவு கொடுத்தாலும் குழந்தை கக்கிக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போதே கண் உள்ளே போய்விட்டிருந்தது. வியாழக்கிழமை காலை கொண்டுவந்துவிட்டார்கள். வெள்ளைத் துணியில் சுற்றி, எங்கள் வாசலுக்கு நேர் எதிரே வைத்திருந்தார்கள். நான் போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதும் என் மனதுக்குள் நான் நாள்களை எண்ணவில்லை. எண்ணக்கூடாது என்று ஏதோ ஒன்று என்னைத் தடுத்துக்கொண்டிருந்தது.

எண்ணுவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். ஆயா பையனுக்கு வெள்ளிக்கிழமையே பேதி இருந்ததை இரண்டு மூன்று அம்மாக்கள் பார்த்திருந்தார்கள். பிள்ளைகளின் பால் பாட்டில் கழுவும் அதே குழாயில்தான் அவள் அவன் துணிகளை அலசினாள். அது போதுமாக இருந்தது. அடக்கம் முடிந்த மறுநாள் எல்லாரும் காப்பகத்து வாசலில் கூடினார்கள். நானும் போனேன். போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்று போனேன்.

"உன் பிள்ளைக்கு நோய்னு தெரிஞ்சும் எதுக்கு இங்க தூக்கிட்டு வந்தே?" என்று ஒருத்தி கத்தினாள்.

"பல்லுன்னு நெனச்சேன்மா. சத்தியமா பல்லுன்னுதான் நெனச்சேன்" என்று ஆயா அழுதாள். பையனை இடுப்பில் வைத்திருந்தாள். அவன் கூட்டத்தைப் பார்த்து மிரண்டுபோயிருந்தான்.

"பல்லாம் பல்லு. ஒரு உசுரே போயிருச்சு."

ஆயா கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நிறுத்தினாள்.

"தோ, லேப்ல வேல செய்ற அக்கா கீறாங்களே, அவங்கள கேளுங்கம்மா. அவங்களுக்குத் தெரியும். எக்கா, நீ சொல்லுக்கா."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பல் என்று அவளுக்குச் சொன்னது நான்தான் என்பதை அவள் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்ற எண்ணமே அவளுக்கு இல்லை. லேபில் இருப்பதால் எனக்குத் தெரியும், நான் சொன்னால் நம்புவார்கள் என்றுதான் கேட்டாள்.

"பரிசோதனை பண்ணித்தான் சொல்ல முடியும்" என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஆயாவைப் பார்த்து, "நீ நாளையிலேர்ந்து வர வேண்டாம்மா" என்றார். அவள் உள்ளே போய்த் தூளியை அவிழ்த்து, சேலையை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

ஆய்வுக்கூடத்தில் விஷயத்தைச் சொன்னேன். எங்கள் ஆய்வை நடத்திய டாக்டர் அம்மாவை மேடம் என்று கூப்பிடுவோம். கேட்டதும் அவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

"ஒரே இடத்துல ஒன்பது பேருக்கா? எல்லாரோட மாதிரியும் எடுத்துட்டு வா. நோய் வராத பிள்ளைங்களோடதும் வேணும். யாருக்கு எந்தத் தேதியில ஆரம்பிச்சதுன்னு நோட்டுல எழுதிக்கோ. தேதி ரொம்ப முக்கியம்."

இறந்த குழந்தையின் மாதிரி ஆஸ்பத்திரியில் இருந்தது. மேடம் பேசி வாங்கிக்கொடுத்தார். மற்றவர்கள் வீட்டுக்கு நானே போனேன். வாயகன்ற பிளாஸ்கில் ஐஸ் போட்டு, சின்னக் குப்பிகளை அடுக்கி, ஒவ்வொன்றிலும் எண் ஒட்டினேன். நோட்டில் எண், வயது, ஆரம்பித்த தேதி, வாந்தி, பேதி என்று கோடு போட்டு எழுதினேன். என் மகளுக்குப் பன்னிரண்டாம் எண். தேதிக்கான கட்டத்தில் பேனாவை வைத்தேன். பிறகு "நோய் இல்லை" என்று எழுதினேன். எழுதுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த நேரத்தில் அது பெரிய பொய்யாகவும் தெரியவில்லை.

கடைசியாக ஆயாவின் வீட்டுக்குப் போனேன். பட்டாபிராமில் ரயில் பாதையை ஒட்டிய ஒற்றை அறை. பையன் தேறியிருந்தான். அவள் எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். நான் கேட்டதும் கூச்சப்படாமல் எடுத்துக் கொடுத்தாள்.

"இத்த பாத்தா, எம் பையனாலதான் வந்துச்சான்னு தெரிஞ்சிடுமாக்கா?"

"தெரியும்."

"தெரிஞ்சா வந்து சொல்லுக்கா. எதுவா இருந்தாலும் சொல்லு."

சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாங்கள் பார்த்த வைரஸின் பெயர் ரோட்டா. அதன் மரபுப்பொருள் பதினோரு துண்டுகளாக இருக்கும். மலத்திலிருந்து அதை ஃபீனால் ஊற்றிப் பிரித்தெடுக்க வேண்டும். ஃபீனால் ஒரு துளி பட்டால் தோல் வெளுத்துப் பொத்துப்போகும். பிறகு, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஊற்றி உறையவைத்த ஜெல்லின் தலைப்பில் அதை விட்டு மின்சாரம் பாய்ச்சினால், சின்னத் துண்டுகள் வேகமாகவும் பெரியவை மெதுவாகவும் கீழே இறங்கும். சாயங்காலம் சுவிட்சைப் போட்டுவிட்டு ரயிலைப் பிடித்தால், காலையில் போகும்போது ஓட்டம் முடிந்திருக்கும். வெள்ளி நைட்ரேட்டில் ஊறவைத்து, இன்னொரு திரவத்தில் போட்டுத் தட்டை மெல்ல ஆட்ட வேண்டும். ஒன்றுமே இல்லாதது போலிருந்த ஜெல்லில் பழுப்புக் கோடுகள் ஒவ்வொன்றாக எழும்பி வரும். ஒரு பிள்ளைக்கு ஒரு தடம், தடத்துக்குப் பதினோரு கோடு. கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் வகைக்கு வகை மாறும். இரண்டு தடங்கள் கொஞ்சமும் பிசகாமல் ஒன்றுபோல இருந்தால் இரண்டு பிள்ளைகளுக்கும் வந்தது ஒரே வகை. அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்த வழி அதுதான். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கோடு எழும்பும் நேரத்தில் யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டேன்.

அன்று காலையும் அப்படித்தான் தட்டை ஆட்டிக்கொண்டிருந்தேன். மேடம் பக்கத்தில் வந்து நின்றார். நோய் வந்த ஒன்பது பிள்ளைகளின் தடங்களிலும் கோடுகள் ஒரே வரிசையில் நின்றன. ஆயா பையனின் தடத்தில் கடைசி இரண்டு கோடுகள் மட்டும் மற்றவர்களுடையதைவிட நன்றாக மேலே நின்றுவிட்டிருந்தன. தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும்.

"இது யாரு?"

"காப்பகத்து ஆயாவோட பையன் மேடம். அவனாலதான் எல்லாருக்கும் வந்துச்சுன்னு அவளை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க."

"ஐயோ பாவமே. இவனோடது வேற வகையாச்சே. இவன்கிட்டேர்ந்து அந்தப் பிள்ளைங்களுக்கு வந்திருக்கவே முடியாது. நீ இன்னைக்கே போய் அவங்ககிட்ட சொல்லிடு" என்றார். பிறகு விரலை நகர்த்தி, "இந்தப் பன்னிரண்டு?" என்று கேட்டார்.

பன்னிரண்டாவது தடத்தில் பதினோரு கோடுகளும் மங்கலாக, ஆனால் தெளிவாகத் தெரிந்தன. ஒன்பது பேரின் கோடுகளோடு சேர்ந்து நின்றன.

மேடம் நோட்டைப் புரட்டினார். "நோய் இல்லைன்னு எழுதியிருக்கே. அறிகுறியே இல்லாம வைரஸ் வந்திருக்கு. சுவாரஸ்யமா இருக்கே. ஒரே வகைதானான்னு உறுதி பண்ணிடலாம். இதையும் இறந்துபோன குழந்தையோடதையும் ஒரே தடத்துல கலந்து ஓட்டு."

கலந்து ஓட்டுவது எங்களுக்கு வழக்கம்தான். பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் கண் ஏமாந்துபோகலாம். இரண்டையும் கலந்து ஒரே தடத்தில் விட்டால் ஏமாற முடியாது. வேறு வேறு வகை என்றால் கோடுகள் பதினொன்றைத் தாண்டும். அன்று மாலை என் மகளுடையதையும் எதிர்வீட்டுக் குழந்தையுடையதையும் ஒரு குழாயில் நானே கலந்தேன். இரண்டு முறை தவறிப்போய் மூன்றாவது முறைதான் சரியாக விட முடிந்தது. மறுநாள் தட்டை ஆட்டும்போது எப்படியாவது ஒரு கோடு கூடுதலாக வரட்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டேன். எண்ணினேன். பதினொன்று. லென்ஸை வைத்து மறுபடியும் எண்ணினேன். பதினொன்றுதான்.

மேடம் பார்த்துவிட்டு, "ஒரே வகைன்னு மட்டும்தான் இதை வெச்சு சொல்லலாம். யார்கிட்டேர்ந்து யாருக்குப் போச்சுன்னு கோடு சொல்லாது. அதுக்குத் தேதிதான் வேணும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பல வருடம் நான் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு காலம் தள்ளினேன். ஊரெல்லாம் அதே வகை சுற்றிக்கொண்டிருந்திருக்கலாம். வேறு பிள்ளையிடமிருந்து வந்திருக்கலாம். இருந்திருக்கலாம்தான். ஆனால் தேதி எனக்குத் தெரியும். புதன்கிழமை காலை பால் வாந்தி எடுத்தது யார் வீட்டுப் பிள்ளை என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "எதிர்த்த வீட்டு ஆளும் நானும் ஒரே செக்‌ஷன்ல நிக்கிறோம். இதைச் சொன்னா போன பிள்ளை வந்துருமா? விடு" என்றார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். விடு என்று யாராவது சொல்லமாட்டார்களா என்றுதான் நான் அவரிடம் போனேன்.

ஆயாவிடம், உன் பையன் காரணமில்லை என்று மட்டுமாவது சொல்லியிருக்கலாம். என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட இல்லை. ஆனால் அதைச் சொன்னால் அவள் டீச்சரிடம் போவாள். டீச்சர் அப்படியானால் யார் என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து நான் அவளிடம் போகவே இல்லை. நாளை, அடுத்த வாரம் என்று தள்ளினேன். ஒரு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், ரயிலை விட்டு இறங்கும்போது ஸ்டேஷன் வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். பையனைத் தோளில் போட்டுக்கொண்டு, இறங்குகிற பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூட்டத்தோடு பாலம் ஏறி மறுபக்கம் இறங்கிவிட்டேன். அதற்குப் பிறகு அவளை அங்கே பார்க்கவில்லை.

காப்பகத்துக்கு வேறு ஆயா வந்தாள். என் மகள் அவளிடம் ஒட்ட ஒரு மாதம் ஆயிற்று. எதிர்வீட்டுக்காரர்கள் அந்த வருடமே மாற்றல் கேட்டு வடக்கே வேறு தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள். மேடம் எழுதிய கட்டுரை ஒன்றில் எங்கள் ஜெல்லின் படம் வந்தது. காப்பகத்தில் நோய் அறிகுறி எதுவுமே இல்லாத ஒரு குழந்தையிடமும் அதே வகை காணப்பட்டது என்று அதில் ஒரு வரி இருந்தது. மேடம் என்னைப் பாராட்டி ஒரு பிரதி கொடுத்தார். அவர் ஓய்வுபெற்றுப் போகும்வரை, அதற்குப் பிறகும்கூட, அந்த வரி பொய் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

ஏழு வருடம் போயிற்று. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் காலை ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏறினேன். ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல்.

"எக்கா! இன்னாக்கா, நல்லா கீறியா?"

அவள்தான். இளைத்திருந்தாள். பக்கத்தில் இருந்த பெண்ணை நகரச் சொல்லி எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தாள். நெமிலிச்சேரியில் அம்மா வீட்டோடு இருப்பதாகச் சொன்னாள். அம்பத்தூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்த சட்டைகளில் நூல் வெட்டும் வேலை. பையன் மூன்றாவது படிக்கிறான்.

"பாப்பா எப்டி கீது? பெர்சாயிருக்குமே. என்னிய ஞாபகம் கீதா அதுக்கு?"

"இருக்கு" என்றேன். மகளுக்கு அவளை நினைவே இல்லை.

அம்பத்தூர் வந்ததும் இறங்கிப் போய்விட்டாள். அன்றும் நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி பார்க்கக்கூடாது என்று நான்கு நாள் வேறு ரயிலில் போனேன். ஐந்தாவது நாள் பழைய ரயிலுக்கே வந்தேன். ஏன் வந்தேன் என்று எனக்கே தெரியாது. அவள் அதே ஜன்னலோரத்தில் இருந்தாள். எதிர் இருக்கையில் ஒரு பெண், கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பையில் எதையோ தேடித் தடுமாறிக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் புடிச்சிக்கோம்மா" என்று குழந்தையை ஆயாவிடம் நீட்டினாள். ஆயா சட்டென்று இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். நான்தான் குழந்தையை வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பெண் இறங்கிப் போனபிறகு கேட்டேன். "ஏன் வாங்கமாட்டேன்னுட்டே?"

"நான் கொயந்தைங்கள தொட்றது இல்லக்கா" என்றாள். "அந்த சேலத்துக்காரம்மா புள்ள போச்சே, அதுலேந்து. ஒரு கொயந்தைய கொன்னவக்கா நானு. எந் தங்கச்சிக்குப் புள்ள பொறந்தப்ப ஒரே ஊட்லதான் கீறோம், ஒருவாட்டி கூட தூக்கல. எம் ஊட்டுக்காரரு வார்த்தைக்கு வார்த்தை அத்தயே சொல்லிகினு இருந்தாரு. அதான் அம்மா ஊட்டுக்கே வந்துட்டேன். அவரு சொல்றதும் நெசந்தானே? நான் பையன ஊட்லயே உட்டுட்டு வந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

அவள் அழவில்லை. நூல் வெட்டுகிற வேலையைப் பற்றிச் சொன்ன அதே குரலில்தான் சொன்னாள். அம்பத்தூரில் அவளோடு நானும் இறங்கினேன். பிளாட்ஃபாரத்தில் சிமெண்ட் பெஞ்சில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். புதன்கிழமை வாந்தியில் ஆரம்பித்தேன். பல் என்று சொன்னது, நோட்டில் எழுதியது, அவள் பையனுடையது வேறு வகை என்று தெரிந்தது, பாலம் ஏறி மறுபக்கம் இறங்கியது எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு ரயில்கள் வந்து போயின.

அவள் கேட்ட முதல் கேள்வி, "அப்ப எம் பையனால இல்லியா?" என்பதுதான்.

"இல்ல. அவனால இல்லவே இல்ல."

"உனக்கு எப்ப தெரியும்?"

"அப்பவே. பதினைஞ்சு நாள்ல."

கையிலிருந்த சாப்பாட்டுப் பையின் காதை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "நீ படிச்சவ. பல்லுன்னு சொன்ன. நான் எல்லார்ட்டயும் பல்லு பல்லுன்னு சொல்லிகினு நின்னேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எந் தங்கச்சி புள்ளைக்கு இப்ப நாலு வயசு. இப்பப் போயி தூக்கினா இடுப்புல நிக்குமா அது? எறங்கி ஓடிரும்" என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

மன்னிப்புக் கேட்டேன். அவள் எழுந்து நின்று, "டீச்சராண்ட வந்து சொல்றியா? என் எதுருல சொல்லணும்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இரண்டு பேரும் கள்ளிக்குப்பம் போனோம். டீச்சருக்கு நன்றாக வயதாகிவிட்டது. காப்பகத்தை மூடி வருடங்கள் ஆகியிருந்தன. அடையாளம் தெரிந்துகொண்டு உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"எனக்கு அன்னைக்கும் இவமேல சந்தேகம் இல்ல" என்றார் கடைசியில். "அத்தனை பேர் வாசல்ல நிக்கிறாங்க. யாரையாவது ஒருத்தரை அனுப்பலேன்னா காப்பகத்தையே மூடணும். இவளுக்காகப் பேச யாரும் இல்ல. அதனால இவளை அனுப்பினேன்." ஆயாவைப் பார்த்து, "தப்புதாம்மா. பெரிய தப்பு" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். "நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அனுப்பியிருக்கமாட்டேன். யாராவது ஒருத்தர் சொல்லமாட்டாங்களான்னு உன் முகத்தைத்தான் நானும் பார்த்துட்டு நின்னேன்."

ஆயா காப்பி குடிக்காமலேயே எழுந்துவிட்டாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "அந்த சேலத்துக்காரம்மாக்கு யார் சொல்றது?" என்று கேட்டாள். "அவங்க இன்னும் என்னத்தான் நெனச்சிகினு இருப்பாங்க. அத்த மட்டும் செஞ்சிடுக்கா." நான் எழுதுகிறேன் என்றேன். இந்த முறை அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்றுகூடச் சொல்லாமல் பஸ்ஸில் ஏறினாள்.

அதற்குப் பிறகும் சில வருடம் ரயிலில் பார்த்துக்கொள்வோம். தலையை ஆட்டுவாள். பக்கத்தில் இடம் பிடித்துவைக்கமாட்டாள். ஒருநாள் யாரோ ஒருத்தியின் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே எதையோ காட்டிக்கொண்டிருந்தாள். நான் அவள் கண்ணில் படாமல் கதவோரமாகவே நின்றுகொண்டேன்.

கணவர் தொழிற்சாலையில் விசாரித்து அந்தச் சேலத்துக் குடும்பத்தின் விலாசத்தை வாங்கிக் கொடுத்தார். எழுதத் தொடங்கினேன். "உங்கள் மகன்" என்று எழுதிவிட்டு, அதற்கு மேல் போகத் தெரியாமல் கிழித்தேன். இன்னொரு முறை இரண்டு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தபோது, லீவு இல்லை, வேலை, ஷிஃப்ட் என்று என் கஷ்டத்தைத்தான் எழுதியிருந்தேன். அதையும் கிழித்தேன். அந்த அம்மாவுக்கு அதற்குப் பிறகு ஒரு பெண் பிறந்தது என்று கேள்விப்பட்டபோது, இப்போது போய் அவளைக் கலங்கடிக்க வேண்டாம் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். பிறகு அவர்களும் ஓய்வுபெற்று சேலத்துக்கே திரும்பிவிட்டார்கள் என்றார்கள். அங்கே விசாரித்தால் விலாசம் கிடைக்கும். நான் இன்னும் விசாரிக்கவில்லை.